பதில் இல்லாமையும் 'இல்லை' என்ற பதிலும்

1. காலையில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் வவுனியா அலுவலகத்தில் தொலைபேசி வழி இணைய இணைப்பு கிடைத்தது, மின்னஞ்சல் வரவில்லை.
2. மல்லாவியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஏஜென்சிக்காரனோடு வெளிநாடு புறப்பட்ட மகன், போய்ச் சேர்ந்ததும் எங்கள் முகவரிக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தான்.
3. போர்க்கால வன்னியைவிட்டு வந்துபோக அவர் வாங்கிய பாஸ் அன்று மாலையோடு முடிகிறது. அதற்குள் சோதனைச் சாவடியைக் கடந்து திரும்பிவிட வேண்டும்.

எங்கள் அஞ்சல்பெட்டி வெளிநாட்டுக் கணினி ஒன்றில் இருந்தது. அதன் பெயரைக் கொடுத்தால் அதை அடையும் எண்ணைச் சொல்ல, கொழும்பில் இரண்டு பெயர்ச் சேவையகங்கள். முதலாவது எங்கள் தலைமை அலுவலகத்தினுடையது. இரண்டாவது இணைப்புத் தரும் நிறுவனத்தினுடையது. முதலாவது பேசாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும்படி நான்தான் அமைத்திருந்தேன்.

"என்ன பிள்ளை, வந்திட்டுதோ?"

"பொறுங்கோ அம்மா. அப்பிடி ஒரு இடமே இல்லையெண்டு சொல்லுது."

"ஆர் சொல்லுறது?"

"கொழும்பிலை இருக்கிற கொம்பியூட்டர்."

"அது சொன்னா முடிஞ்சுதோ? பாஸுக்குப் போக, முதல் கந்தோரிலையும் இல்லையெண்டுதான் சொன்னவை. நான் விட்டனானோ? அடுத்த கந்தோருக்குப் போய் எடுத்தனான்."

பக்கத்து மேசையில் இருந்த அண்ணை சிரித்தார். "அம்மாவை அதுக்கு முன்னாலை இருத்துங்கோ தங்கச்சி. வெருட்டி வேலை வாங்குவா."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாவது சேவையகம் மௌனமாக இருக்கவில்லை. ஏதோ கோளாறில், வெளியிலுள்ள எந்தக் கணினியின் பெயரைக் கேட்டாலும் உடனே 'இல்லை' என்றது. 'இல்லை' என்பதும் ஒரு பதில். பதில் கிடைத்துவிட்டதால் எங்கள் கணினி இரண்டாவதைக் கேட்கவேயில்லை. வன்னியில் ஓர் அலுவலகத்தின் 'இல்லை'யோடு யாரும் வீடு திரும்புவதில்லை. கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வரிசையை மாற்றி, இரண்டாவதை முதலில் வைத்தேன். பெட்டி திறந்தது. மடல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாவற்றையும் பார்த்தேன், மகனுடையது இல்லை.

"வேறை எங்கையும் கேட்டுப் பாக்கலாமோ பிள்ளை?"

"இல்லை அம்மா. வாறதெண்டா இதுக்குள்ளைதான் வரும்."

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாளைக்கும் பாருங்கோ என்ன" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

தலைமை அலுவலகத்தின் கோளாறு பிறகு திருத்தப்பட்டது. நான் அந்த வேலையை விடும்வரை தினமும் பார்த்தேன். அவர் மகனின் மடல் வரவில்லை.