இன்ஜினுக்குக் காய்ச்சல் பார்த்த முதலாளி

கொல்லிமலையில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு அப்போது பஸ் ரோடு கிடையாது. காரவள்ளியிலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். முதலாளி மட்டும் நடக்க மாட்டார். நாலு பேர் தூக்கும் டோலியில் குடை பிடித்துக்கொண்டு வருவார். எனக்கு அவரை முதல் நாளே பிடிக்கவில்லை. பழகப் பழக இன்னும் பிடிக்காமல் போயிற்று.

ஒரு முறை அவருடைய டோலிக்குப் பின்னால் இன்னொரு மூங்கிலில் எதையோ கட்டித் தொங்கவிட்டு, ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால், படகின் பின்புறம் மாட்டும் மோட்டார். எந்த ஊர் ஏரியிலோ துரைமார் அப்படி ஒரு படகில் சுற்றுவதைப் பார்த்துவிட்டுப் பழைய மோட்டார் ஒன்றை வாங்கிவிட்டாராம். எங்கள் தோட்டத்தில் இருந்ததோ காபிப் பழம் கழுவத் தண்ணீர் தேக்கிய குளம். அக்கரையில் நிற்பவன் வெற்றிலை கேட்டால் இக்கரையிலிருந்தே எறிந்து கொடுத்துவிடலாம். அதில் ஒரு சின்னப் படகைச் செய்து மிதக்கவிட்டு மோட்டாரை மாட்டினார். படகு கிளம்பியதும் கரை வந்துவிடும். ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திருப்பிவிட வேண்டும். இந்தக் கூத்துக்கு அவர் தொப்பி வேறு போட்டுக்கொள்வார்.

மோட்டாரை விற்றவன் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்த இன்ஜின் குளத்துத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும். உள்ளே சுற்றிய தண்ணீர் பக்கத்திலுள்ள சின்ன ஓட்டை வழியாகப் பீய்ச்சும். அது நின்றாலும் கொதித்தாலும் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். கையை நீட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலாளிக்குக் கை போதவில்லை. நான் வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி, காய்ச்சல் பார்க்கும் தர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

ஆஸ்பத்திரி என்றால் தகரம் போட்ட ஓர் அறை. அங்கே இருந்தது அந்த ஒரே தர்மாமீட்டர்தான். கொல்லிமலைக் காய்ச்சல் அப்போது பேர்போனது. கவனிக்காமல் வேலைக்குப் போனவர்கள் காட்டிலேயே விழுந்து செத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் தர்மாமீட்டர் நூறு டிகிரி காட்டினால்தான் கூலியாளுக்கு லீவும் கொயினா மாத்திரையும் என்று சட்டம் போட்டவர் இவர். தொட்டுப் பார்த்துச் சொல்வதை ஏற்க மாட்டார். மாத்திரை அலமாரியின் சாவியும் அவர் இடுப்பில்தான் இருக்கும்.

"இது மனுசனுக்குங்க. நூத்திப்பத்துக்கு மேல போனா ஒடஞ்சுரும்" என்றேன்.

"மனுசன் கெடைப்பானப்பா. இந்த இன்ஜினு கெடைக்குமா?" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

அதன் பிறகு தினமும் பீய்ச்சும் தண்ணீரில் தர்மாமீட்டரைப் பிடித்து, "தொண்ணூத்தெட்டு! சொகமா இருக்குது!" என்று கூவுவார். கரையில் நின்று நாங்கள் தலையாட்ட வேண்டும்.

ஆயுத பூசை வந்தது. மோட்டாரைக் குளிப்பாட்டித் துடைத்து நடுவில் வைத்தார்கள். வேறு யாரையும் தொட விடாமல் முதலாளியே சந்தனம் வைத்தார். பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்த அந்த ஓட்டையைப் பார்த்ததும் கட்டை விரலால் ஒரு பெரிய அப்பு அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். இரவெல்லாம் காய்ந்து அது கல்லாகிவிட்டது.

மறுநாள் படகு கிளம்பியது. தண்ணீர் பீய்ச்சவே இல்லை. தர்மாமீட்டரை நீட்டிக்கொண்டு காத்திருந்த மனிதர், பொறுமையிழந்து அதை இன்ஜின் மேலேயே வைத்தார். கண்ணாடி தெறித்தது. பாதரசம் படகுக்குள் உருண்டு ஓடியது. அப்புறம்தான் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அய்யோ!" என்று அலறி இன்ஜினை நிறுத்தினார். ஓட்டையில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பார்த்ததும், "எவன்டா வெச்சது?" என்று எங்களை அதட்டினார். வைத்தது யார் விரல் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

"கொதிக்குது, கொஞ்ச நாளைக்கு யாரும் தொடாதீங்க" என்று உத்தரவாயிற்று. மோட்டாரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, நனைத்த சாக்கைப் போர்த்தினார்கள்.

அந்த நேரத்தில்தான் மலையிலேயே வாழவந்தி நாடு என்ற பகுதியிலிருந்து களையெடுக்க வந்த ஒரு பெண்ணை அவள் புருஷன் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஏனுங்க, நேத்திருந்து காச்சலுங்க. கண்ணே தொறக்க மாட்டேங்கிறா. மாத்திரை குடுத்தீங்கன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவனுங்க" என்றான். நெற்றியைத் தொட்டேன். அனல். முதலாளியிடம் சொன்னேன்.

"தர்மாமீட்டர் என்ன காட்டுது?"

"அதுதான் ஒடஞ்சுபோச்சுங்களே."

"அப்பறம் காச்சல்னு எப்பிடிச் சொல்றே? புதுசு வரட்டும், பாக்கலாம். இப்பக் களைக்குப் போகச் சொல்லு."

"இன்ஜினு சுட்டது உங்க கைக்குத் தெரிஞ்சுதுங்களே. அதே கைய இவ நெத்தியில வெச்சுப் பாருங்க" என்றேன். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இரும்பைத் தடவுகிற கை, ஒரு மலைக்காரப் பெண்ணைத் தொட்டால் தீட்டாகிவிடுமாம்.

கட்டிலிலிருந்து சாக்கை உருவி அவள் தலையில் போர்த்தினேன்.

"அடேய், இன்ஜினு!"

"அது ஆறிப்போச்சுங்க. இவதான் கொதிக்கிறா."

சாவிக்குக் கையை நீட்டினேன். ஆட்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாவியை என் காலடியில் எறிந்தார்.

அலமாரியைத் திறந்து நான் மாத்திரை கொடுத்ததும், சாக்கோடு சேர்த்து அவளைப் புருஷன் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் கண் திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முன்பே முதலாளியின் ஆள் ஒருவன் வந்து வாசலில் நின்றிருந்தான். பரவாயில்லையே, விசாரிக்க அனுப்பியிருக்கிறாரே என்று ஒரு நொடி நினைத்தேன். அவன் சாக்கை வாங்கிப்போக வந்திருந்தான்.