ஒன்பதாவது உத்தரம்

அன்று ஒன்பதாவது உத்தரத்தின் முனையைத் திறந்து பார்க்காமல் ஏன் வந்தேன்? மற்ற எட்டும் நன்றாக இருந்ததாலா, திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கவா? இன்றுவரை தெரியவில்லை.

கட்டட ஆய்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் ஜூனியர் இன்ஜினியர். விழுப்புரம் நடுவில் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்து அலுவலகக் கட்டடத்துக்கு என்னை அனுப்பினார்கள். அதன் வளைவு வராந்தாவை வைத்துத்தான் ஊரில் வழி சொல்வார்கள். கூரை மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், குறுக்குக் கட்டை, அதன்மேல் செங்கல், சுண்ணாம்பு. பிற்காலத்தில் யாரோ மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. சுவருக்குள் செருகிய உத்தர முனைதான் முதலில் உளுத்துப்போகும். வெளியே தெரியாது.

கொத்தனார் ஆரோக்கியம் பூச்சைக் கொத்தி எட்டு முனைகளைத் திறந்தார். எல்லாம் நல்ல மரம். ஒன்பதாவது ரெக்கார்டு ரூமுக்கு மேலே. அப்போது திண்டிவனம் வீட்டில் இருக்கும் மாமியாரிடமிருந்து போன்: பாப்பாவுக்கு ஜுரம்.

"தட்டிப் பாத்தேன் மேடம், உள்ள பொள்ளலாட்டம் டொப்புன்னு சத்தம் வருது. பீரோவ நவுத்தினா ஒரு மணி நேரத்துல தொறந்துடலாம்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்ணா."

"நாளைக்கு வானூர்ல வேலைங்க."

மறுநாள், ஒன்பதாவதைத் திறக்கவில்லை என்று மேனேஜர் சாரிடம் சொன்னேன். "எட்டு நல்லாயிருந்தா ஒம்பதும் நல்லாதாம்மா இருக்கும். 'பார்வைக்கு'ன்னு ஒரு வார்த்த சேத்துடு. நாளைக்கு எவனும் கேக்க முடியாது."

'கூரை பார்வைக்கு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வாரம் அந்த அலுவலகத்துக்கு அறிக்கையின் நகல் கொடுக்கப் போனேன். ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்கா சிரித்தார்.

"வாங்க இன்ஜினியரம்மா! முன்னல்லாம் மழ வந்தா நாற்காலிய வாசப்பக்கம் இழுத்துக்கினு ஓடுவேன். 'ஒன் வெயிட்டுக்கு கட்டடம்தான் பயப்படணும்'னு ஆபீஸ்ல இதுங்க கிண்டல் பண்ணும். நல்லாயிருக்குதுன்னு நீங்க எழுதிட்டீங்களாமே! இப்ப உள்ளயே ஒக்காந்துக்கினு இருக்கேன்."

அவர் தலைக்கு நேர் மேலே ஒன்பதாவது உத்தரம். "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் கற்றது இவ்வளவுதான்: 'பார்வைக்கு' என்பது எழுதுகிறவரைக் காப்பாற்றும் வார்த்தை. கூரைக்குக் கீழே உட்காருகிறவருக்கு 'நல்ல நிலை' மட்டும்தான் காதில் விழுகிறது.

அறிக்கையை மாற்றினால் வேலை போய்விடும் என்கிறார் சார். மழைக்காலம் நெருங்குகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள், கையெழுத்திட்ட அறிக்கையை எப்படித் திருத்துவது? அதற்கு முன்னால், அந்த அக்காவிடம் நாற்காலியை மறுபடி வாசல் பக்கம் போடச் சொல்ல வேண்டும். என்ன சொல்லிச் சொல்வது?