ஹைமாவில் விரித்த இரண்டு பாய்கள்

ஜெபக்கூட்டத்தில் இதை அற்புதக் கதையாக்கிவிடுவார்கள் என்று பயந்து பல வருடம் எழுதாமல் இருந்தேன்.

ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு வேனில் சலாலா போகிறோம். ஓமான் பாலைவனத்தின் நடுவே, ஹைமா என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் பொழுது சாய்கிறது. என் மனைவி தரையில் பாய் விரித்து ஜெபமாலையை எடுக்கிறாள்.

பங்கை ஒட்டிய டீக்கடையிலிருந்து தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஓடி வருகிறார். “அண்ணாச்சி, வெளிய வச்சு சத்தமா சொல்லாதிய. அரபி பாத்தான்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, வேலை போயிரும். வண்டிக்குள்ள ஏறுங்க.”

பக்கத்தில் ஓமானி ஒருவர் தொழுகைக்குப் பாய் விரிக்கிறார். மனைவி அவரைக் காட்டுகிறாள். “அவரு ஒளிஞ்சா தொழப்போறாரு? நான் மட்டும் எதுக்கு ஒளியணும்?”

பிள்ளைகளும் முழங்காலிடுகிறார்கள். உரக்கவே சொல்கிறோம். தொழுது முடித்தவர் எங்களைப் பார்க்கிறார். விசா போய்விடுமோ என்று பயந்தபடியே ஜெபமாலையைத் தொடர்கிறேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

பிறரிடம் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அவர் மனந்திரும்பினார் என்றோ, விரட்டினார் என்றோ கூட்டாதீர்கள். அவர் தம் ஜெபத்தை முடித்தார். நாங்கள் வண்டிக்குள் ஏறாமல் எங்கள் ஜெபத்தை முடித்தோம்.