நைட் ஷிப்ட் ரத்தம்

ராபினுக்கு இருபத்து நாலு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டுமானக் கம்பி செய்யும் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அப்பா தானியேல் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். மகன் இரும்பு சுமக்கிறான். எட்டு மணி நேரம் சுமந்துவிட்டு, காசு கொடுத்து ஜிம்முக்குப் போய் மறுபடியும் இரும்பைத் தூக்குகிறானே, இவனுக்கென்ன கிறுக்கா என்று கேட்டால் முறைப்பான். கம்பெனியில் தூக்குவது முதலாளிக்கு, இது எனக்கு என்பான். நியாயம்தானே?

ஜிம் நடத்தும் ஏழுமலை மாஸ்டருக்கு ஒரு வழக்கம். சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் பையன்களை டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அளவைப் பார்க்க லேபுக்கு அனுப்புவார். ரிப்போர்ட் அவர் போனுக்குத்தான் வரும். காலையில் கொடுக்க வேண்டிய ரத்தம் அது. நைட் ஷிப்ட் பையன்களுக்கு ரொம்ப வசதி. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் லேபில் கையை நீட்டிவிட்டு, அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். ராபினும் அப்படித்தான் கொடுத்தான்.

அளவு குறைவு என்று வந்தது. மாஸ்டர் எல்லார் முன்னாலும் அதைப் படித்தார். "இன்னா நைனா, ஆம்பளைச் சரக்கே கம்மியா கீது! என்கிட்ட ஹார்மோன் ஊசி கீது, வாரம் ஒண்ணு போட்டுக்கோ. மூணே மாசத்துல தோளு எப்டி ஏறுதுன்னு பாரு."

சத்தமாகச் சிரித்தவன் லோகு. ஒரே ஆலை, ஒரே பஸ். "மச்சான், பொடவை வாங்கிக் குடுக்கட்டா?" என்றான்.

ராபினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஊசி வேணாம் மாஸ்டர்."

"அப்போ பொன்னேரி ஆணழகன் போட்டியில என் ஜிம் பேர்ல நிக்காதே."

"நிக்கல, போங்க."

சொல்லிவிட்டானே தவிர சந்தேகம் பிடித்துக்கொண்டது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். நிஜமாகவே தன்னிடம் ஏதாவது குறையோ? மறுநாள் லேபுக்குப் போய், மிஷின் கோளாறு என்று சண்டைக்கு நின்றான். ரத்தம் எடுக்கும் திலகவதி அசரவில்லை.

"அன்னிக்கு ராத்திரி தூங்கினீங்களா?"

"நைட் ஷிப்ட்டுல எங்க தூங்கறது?"

"தூக்கம் கெட்டா அளவு எறங்கிதான் காட்டும். ஒரு வாரம் நல்லா தூங்கி எழுந்து வாங்க, மறுபடி பாக்கலாம். அப்பவும் கம்மின்னா டாக்டர் கிட்ட போங்க. சும்மா ஊசி போட்டுக்கினா ஒடம்பு தானா சுரக்கறதை நிறுத்திக்கும். கொழந்தை பொறக்கறதே பேஜாராயிடும்."

அடுத்த வாரம் பகல் ஷிப்ட். நேரத்தோடு படுத்து, கும்பகர்ணன் மாதிரி தூங்கினான். வாரக் கடைசியில் மறுபடி ரத்தம் கொடுத்தான். இந்தத் தடவை ரிப்போர்ட்டைத் தன் போனுக்கே வாங்கிக்கொண்டான். அளவு சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஜிம்முக்குள் நுழைந்ததும் மாஸ்டர் இளித்தார். "ஊசிக்கு வந்தியா?"

"இல்ல. என் அளவு சரியா கீது. நைட் முடிச்சுக்கினு தூங்காம குடுத்த ரத்தம் அது. அதை வெச்சு ஊசி குத்தறீங்களே, உங்களுக்கே நல்லா கீதா?"

"ரிப்போர்ட்டைக் காட்டு."

"உங்களுக்கு எதுக்குக் காட்டணும்? என் ரத்தம், என் ஒடம்பு!"

சிரிப்பு கிளம்பும் என்று காத்திருந்தான். கிளம்பவில்லை. லோகு கையிலிருந்த எடையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், நானும் நைட் முடிச்சுக்கினுதான் குடுத்தேன். பதினோரு ஊசி ஆச்சுடா. ஊட்ல அவ கொழந்தைக்கு ஏங்கிக்கினு கீறா."

இத்தனை நாளாக லோகுவை அறைய வேண்டும் என்றிருந்த ராபினுக்கு அந்தக் கோபமெல்லாம் மாஸ்டர் பக்கம் திரும்பியது. "நாளைக்கே டாக்டர் கிட்ட போறோம்டா" என்று லோகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜிம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"நைட் முடிச்சுக்கினு வந்து ரத்தம் குடுத்தவன் இன்னும் எத்தினி பேரு? கையைத் தூக்குங்கடா!"

"வெளிய போடா!" என்று மாஸ்டர் பாய்ந்து வந்தார். ராபின் அசையவில்லை. முதலில் லோகு தூக்கினான். அப்புறம் மூலையிலிருந்து ஒருவன். பிறகு ஒவ்வொன்றாக ஒன்பது கைகள் மேலே போயின.