சலோமி சிஸ்டர் பொறுமைசாலி அல்ல

சலோமி சிஸ்டர் இறந்துவிட்ட செய்தி பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் வந்தது. பேசியவர் ஏழுமலை, எங்கள் பழைய ஜீப் டிரைவர். "வசந்தாம்மா, சிஸ்டர் பூட்டாங்கம்மா" என்றார். ரிசீவரை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். அன்று அழுகைதான் வந்தது. கோபம் வந்தது மறுவாரம், இரங்கல் கூட்டத்தில்.

கூட்டம் நடந்தது தாம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த அதே அறக்கட்டளை மருத்துவமனையின் கூடத்தில். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் செயலாளராக இருந்தவர்தான் இன்றும் செயலாளர். அவர் எழுந்து, "சிஸ்டர் சலோமி கடிந்து ஒரு சொல் பேசி அறியாதவர். பொறுமையின் வடிவம்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஏழுமலை, "இன்னாம்மா இது, யாரப் பத்திப் பேசினுகீறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. சிஸ்டரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர் பொறுமைசாலி அல்ல. அவருடைய கோபத்தை எடுத்துவிட்டு அவரைப் புகழ்வது, அவர் செய்ததையெல்லாம் எடுத்துவிடுவதற்குச் சமம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு நடமாடும் மருத்துவப் பிரிவு இருந்தது. பிரிவு என்றால் ஒரு பழைய ஜீப், ஓட்ட ஏழுமலை, நர்ஸ் சலோமி சிஸ்டர், மருந்து கொடுக்க நான். பல்லாவரத்துக்குப் பின்னால் கல்குவாரிகளில் வேலை செய்தவர்களின் குடிசைகளுக்கு வாரம் தவறாமல் போவோம். அங்கே போகும் வழியை ரோடு என்று சொல்வது பொய். கல் லாரிகள் உழுது போட்ட இரண்டு பள்ளங்கள், அவற்றுக்கு நடுவே லாரியிலிருந்து விழுந்த கற்கள். லாரி உயரம், அதற்கு அந்தக் கல் ஒன்றும் செய்யாது. எங்கள் ஜீப்பின் வயிற்றில் அது உரசிக்கொண்டே வரும்.

ஒரு நாள் மதியம் குவாரிக் குடிசையில் மல்லிகா என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தையின் கை முதலில் வந்துவிட்டது. சிஸ்டர் பார்த்த உடனேயே, "இங்க முடியாது, ஏத்துங்க" என்றார். ஜீப்பின் பின்னால் பாயை விரித்து மல்லிகாவைக் கிடத்தினோம். பாதி வழியில் அடியிலிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, பாத்திரம் கீழே விழுந்ததுபோல. ஏழுமலை ஜீப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். "சம்ப்பு கீஞ்சிச்சி சிஸ்டர். ஆயிலு பூரா ஊத்திகினு கீது."

சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி. வண்டியிலேயே தாழ்வாகத் தொங்குவது அதுதான். மெல்லிய தகட்டால் ஆனது. அது கிழிந்த பிறகு வண்டியை ஓட்டினால் எஞ்சின் இறுகிப்போய் நின்றுவிடும். வேறு வழியில்லாமல் வெயிலில் நின்று, வந்த ஒரு கல் லாரியை மறித்து, மல்லிகாவை அதில் ஏற்றினோம். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. கவனக்குறைவாக ஓட்டினார் என்று ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

இப்போது இரங்கல் கூட்டம் நடந்த அதே கூடத்தில்தான் அன்று நிர்வாகக் குழு கூடியிருந்தது. அழைப்பு இல்லாமல் சிஸ்டர் உள்ளே போனார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "டிரைவரை நிறுத்திட்டீங்க. கல்லை நிறுத்திட்டீங்களா?" இதுதான் அவர் பேசிய முதல் வாக்கியம்.

செயலாளர், "சிஸ்டர், உட்கார்ந்து பேசலாமே" என்றார்.

"உக்காந்து பேசற விஷயமா சார் இது? வண்டிக்கு அடியில ஒரு இரும்புத் தகடு இருந்திருந்தா அந்தக் குழந்தை இப்ப பால் குடிச்சிட்டிருக்கும். சம்ப் கார்டுன்னு ஒண்ணு உண்டாம், மெக்கானிக் சொல்றாரு. அதைப் போட்டுக் குடுங்க. ஏழுமலையைத் திரும்பக் கூப்பிடுங்க."

கம்பெனி தயாரித்துக் கொடுத்த வண்டியில் கைவைக்க விதி இல்லை என்று பதில் வந்தது. குழுவில் ஒருவர் இன்னொரு யோசனையும் சொன்னார்: பஞ்சாயத்து அங்கே சரியான ரோடு போடும்வரை குவாரிப் பக்கம் போகாமல் இருந்துவிட்டால் என்ன? மற்றவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு குழந்தை இறந்ததற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, இனி அங்கே யாருக்கும் மருந்தே கொடுக்க வேண்டாம் என்பது.

சிஸ்டர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "ரோடு வர்ற வரைக்கும் பிரசவத்தை நிறுத்தி வைங்கன்னு நானே போய் அவங்ககிட்ட சொல்லிடட்டுமா சார்?"

கடிந்து ஒரு சொல் பேசி அறியாதவராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு அவரோடு நானும் போனேன். ஓட்டைச் சைக்கிளிலிருந்து உடைந்த கட்டில்வரை விற்கும் அந்தச் சந்தையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு நர்ஸ் இரும்புத் தகடுகளைத் தட்டித் தட்டிப் பார்த்ததை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பழைய லாரியின் தளத்திலிருந்து வெட்டியெடுத்த கனமான தகடு ஒன்றைத் தன் கைக்காசில் வாங்கினார். அதைத் தோல் தொழிற்சாலைகளுக்கு வெல்டிங் வேலை செய்துவந்த காதர் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். சம்பளம் இல்லாமல் இருந்த ஏழுமலைதான், புதுச் சம்ப் மாட்டியிருந்த ஜீப்பையும் ஓட்டி வந்தார். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. "கேட்டா இல்லம்பாங்க. இல்லன்னு சொல்ற வேலையை அவங்களுக்கு ஏன் குடுக்கணும்?" என்றார் சிஸ்டர்.

காதர் பாயும் லேசுப்பட்டவர் அல்ல. சிஸ்டர், "சீக்கிரம் வெல்டு வெச்சு ஒட்டிக் குடுங்க பாய்" என்றதும் அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒட்டறதா? சேஸ்ல நெருப்பு வெச்சா இரும்பு வீக்காயிடும் சிஸ்டர். நாளைக்கி சேஸே வுட்டுக்கினா பெரிய பேஜாராப் பூடும். போல்டுலதான் மாட்டணும்."

"அப்ப போல்டுல மாட்டுங்க. பேசிட்டே இருந்தா எப்படி?"

"பேசறது நீங்களா நானா?"

அப்படிச் சண்டை போட்டுக்கொண்டேதான் அந்த வேலை நடந்தது. சேஸ் என்கிற ஜீப்பின் அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளில் தாங்கிகளைப் பொருத்தி, அவற்றில் தகட்டை போல்ட் போட்டு முடுக்கினார் பாய். முதல் தடவை சரியாக வரவில்லை. தகட்டின் முன்விளிம்பு நேராக இருந்ததால் பட்டறைக்கு எதிரே இருந்த மேட்டிலேயே மண்ணில் குத்திக்கொண்டு நின்றது. எண்ணெய் மாற்றத் துளை விடவும் பாய் மறந்திருந்தார். சிஸ்டர் தரையில் ஒரு சாக்கைப் போட்டு ஜீப்புக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மூக்கை மேல வளைங்க பாய், கல்லு வந்தா வழுக்கிட்டுப் போகட்டும்" என்றார். "அத்ததான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் பாய். சொல்ல வந்தாரோ இல்லையோ, வளைத்துக் கொடுத்தார். துளையும் விட்டார். போல்டின் தலைகள் கல்லில் மாட்டி அறுந்துபோகாதபடி தகட்டுக்குள் பதிந்திருக்கச் செய்தது அவருடைய யோசனை. கிளம்பும்போது கூலி வேண்டாம் என்றார். அதற்கும் சிஸ்டர் அவரைத் திட்டி, கையில் திணித்துவிட்டுத்தான் வந்தார்.

குவாரிப் பக்கம் போக வேண்டாம் என்ற யோசனை இன்னும் உத்தரவாக வரவில்லை; மறு வாரம் குவாரிக்குப் போனோம். ஏழுமலைக்கு இன்னும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வழியில் ஓட்ட வேறு டிரைவர் யாரும் முன்வராததால் அவர்தான் ஓட்டினார். அதே பள்ளம், அதே மாதிரிக் கல். அடியில் இடி விழுந்ததுபோல ஒரு சத்தம்; ஜீப் ஒரு முறை தூக்கிப் போட்டது. ஏழுமலை நிறுத்தினார். சிஸ்டர் குதித்து இறங்கித் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

நான் சிரித்தேன். ஏழுமலை கைதட்டினார். சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. மண்ணில் அப்படியே உட்கார்ந்துகொண்டு, "இவ்வளவுதானா? வசந்தா, இவ்வளவுதான் வேணும்னு இருந்துச்சா?" என்று கேட்டார். பிறகு முகத்தைப் புடவையில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒரு பழைய தகடு, சில போல்ட், ஒரு பட்டறையில் செய்துவிடக்கூடிய வேலை. பெரிய தடை எதுவும் இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

விஷயம் தெரிந்ததும் மெமோ வந்தது. அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைத்ததற்கு விளக்கம் தர வேண்டும், தகட்டை உடனே கழற்ற வேண்டும். சிஸ்டர் செயலாளரின் அறைக்குப் போய், "ஸ்பேனர் கொண்டாந்திருக்கேன் சார். நீங்களே படுத்துக் கழட்டுங்க" என்று மேசைமேல் அதை வைத்தார். செயலாளர் கழற்றவில்லை. வேறு யாரும் கழற்றவில்லை. ஏழுமலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சிஸ்டருக்குத் தண்டனை கிடைத்தது: நடமாடும் பிரிவிலிருந்து அவரை எடுத்து, புறநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் இடத்தில் போட்டார்கள். பல வருடங்கள் அங்கேயே இருந்தார். வேறு ஒரு நர்ஸ் எங்களோடு வந்தார். ஜீப் போய்க்கொண்டிருந்தது, எங்கும் நிற்காமல்.

தொண்ணூறுகளில் மருத்துவமனை ஆண்டுவிழா மலர் ஒன்று வெளியிட்டது. அதில் அந்த ஜீப்பின் படம். கீழே, கரடுமுரடான பாதைகளுக்கென்றே நிர்வாகம் சிறப்பாக அமைத்த வாகனம் என்று எழுதியிருந்தது. சிஸ்டரின் பெயர் இல்லை, காதர் பாயின் பெயரும் இல்லை. நான் மலரை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "போட்டுக்கட்டும். கழட்டாம இருந்தா சரி" என்று அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார். அவர் அதை விட்டுவிட்டார். நான் விடவில்லை. உயிரோடு இருந்தபோது அவர் செய்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். இறந்த பிறகு அவர் குணத்தையும் எடுத்துக்கொண்டு, சாந்தமான ஒரு கிழவியை நமக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.

கடைசியாக அவரைப் பார்த்தது ஓர் அரசு மருத்துவமனையின் பொது வார்டில். மூச்சு வாங்கியது. ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு அருகில் உட்காரப் போனேன். உட்கார விடவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளைக் கண்ணால் காட்டி, "அவங்களுக்குக் காலையிலருந்து குளுக்கோஸ் மாத்தல. போய்க் கேளு" என்றார்.

"சிஸ்டர், நீங்க ரெஸ்ட் எடுங்க. நான் உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னை அப்புறம் பாக்கலாம். கேட்டுட்டு வந்து உக்காரு."

போய்க் கேட்டேன். டியூட்டி நர்ஸ் முகம் சுளித்தார். நான் நகரவில்லை. பாட்டில் வந்தது. திரும்பி வந்தபோது சிஸ்டர் தூங்கிப்போயிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். எனக்கு அவர் குரல் இல்லை, துணிச்சலும் பாதிகூட இல்லை. ஆனால் ரேஷன் கடையிலோ மின்வாரிய அலுவலகத்திலோ, யாரோ ஒருவரைக் காக்க வைத்திருப்பதைப் பார்த்தால் என் கால் தானாக அந்த ஜன்னலுக்குப் போகிறது. கேட்டுவிட்டு வந்துதான் உட்காருகிறேன்.