அழுவேன் என்ற பதில்

கற்பிட்டிப் பாதையோரத்து ஓலைக் கொட்டிலுக்குள் அன்று பிற்பகல் வெளிச்சம் தண்ணீர்போல் அசைந்துகொண்டிருந்தது. களப்பு நீரில் பட்டுத் தெறித்த வெயில் கிடுகு ஓலைகளின் இடுக்குகளால் புகுந்து மேசையிலும் எங்கள் கைகளிலும் மிதந்தது. அந்த அசைவின் நடுவே, வெளுத்துப்போன சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டபடி ஒரு பெண் வாங்குப் பலகையின் நுனியில் வந்து உட்கார்ந்தார். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர்களில் ஒருவர். பிற்பாடு எல்லோரையும் போல நானும் அவரை ராத்தா என்றே கூப்பிட்டேன். அக்கா என்பதற்கு அவர்களுடைய சொல் அது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. உடப்பிலிருந்து போய், அகதி முகாம்களைக் கவனித்த ஒரு நிவாரண அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடக்கூடிய தற்காலிக வேலை. முகாமின் மருந்துக் கொட்டிலில் குழந்தைகளை எடை நிறுத்து எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கான நேர்முகத்தில், கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்பார். நான் தமிழில் சொல்வேன். பதிலைச் சிங்களத்தில் திருப்பிக் கொடுப்பேன். நல்ல மனிதர். ஆனால் தாளில் இருந்த கேள்விகளை விட்டு ஓர் அங்குலமும் விலகமாட்டார்.

வேலையில் பிரஷர் வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. நானும் யோசிக்காமல் பிரஷர் என்றே சொல்லிவிட்டேன்.

"எனக்குப் பிரஷர் இல்ல தங்கச்சி. புத்தளம் ஆஸ்பத்திரியில பாத்தவங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். "அதில்ல. வேலை கூடி, சனம் நெருக்கி, மனசு தாங்கேலாமப் போனா என்ன செய்வீங்க?"

அவர் களப்புப் பக்கம் பார்த்தார். எங்கோ தூரத்தில் நடப்பதை ஒருவருக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"அழுவேன். ஆக்கள் காணாத எடத்துக்குப் போய் அழுவேன். பொறகு மொகத்தக் கழுவிட்டு வந்து மிச்ச வேலையச் செய்வேன்."

அதிகாரியின் பேனை காத்திருந்தது. ராத்தாவுக்கு முன்னால் வந்த இருவரும் பாடம் பண்ணிய பதில்களைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். 'அழுவார்' என்று தாளில் எழுதப்பட்டால் அத்துடன் அவருடைய வாய்ப்பு முடிந்துவிடும் என்று எனக்குப் பட்டது. "அவர் பதற்றப்பட மாட்டாராம், பொறுமையாக இருந்து வேலையை முடிப்பாராம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையசைத்து எழுதிக்கொண்டார். ராத்தா என்னை ஒரு கணம் பார்த்தார். வேலை அவருக்கே கிடைத்தது.

மாரி தொடங்கியபோது முகாமில் வயிற்றோட்டம் பரவியது. ஒருநாள் காலை, தராசிலிருந்து தூக்கிய கைக்குழந்தை ராத்தாவின் கையிலேயே உயிர் அடங்கிப்போனது. தாயிடம் கொடுத்துவிட்டு அவர் கொட்டிலின் பின்பக்கம் போனார். வெளியே நாற்பது பெண்கள் மழையில் பிள்ளைகளுடன் நின்றார்கள். ஒருவரும் அவசரப்படுத்திக் குரல் எழுப்பவில்லை. கிடுகுக்கு அப்பால் அவர் அழுவது எல்லோருக்கும் கேட்டது. அவர்களில் பலரும் சேர்ந்து அழுதார்கள். பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம். ஈர முகத்துடன் வந்து, "அடுத்த புள்ளயக் கொண்டாங்க" என்று கைகளை நீட்டினார். அன்று கடைசிக் குழந்தைவரை அவர்தான் நிறுத்தார். நான் பொய்யாய்ச் சொன்ன பொறுமையைவிட அவர் மெய்யாய்ச் சொன்ன பதில் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது நானே ஆட்களைத் தெரிவுசெய்யும் மேசையில் உட்காருகிறேன். நெருக்கடியில்தான் நன்றாக வேலை செய்வோம் என்று இளம்பிள்ளைகள் சிரித்த முகத்துடன் சொல்கிறார்கள். பிழை சொல்ல முடியாத பதில்கள். அவற்றைக் கேட்கும்போது குளிரூட்டிய அறையின் சுவர்கள் கரைந்து, நான் அந்த நிவாரண அலுவலகத்தை விட்டு விலகிய மாலை வந்து நிற்கிறது. பஸ் நிற்கும் இடம்வரை ராத்தா என்னுடன் வந்தார். உப்பளங்களின் தண்ணீரில் வானம் முழுவதும் இறங்கிக் கிடந்தது. நாங்கள் மேகங்களின் நடுவே நடப்பதுபோல இருந்தது. அந்த மயக்கத்தில்தான் எனக்குச் சொல்லத் துணிவு வந்திருக்க வேண்டும்.

"ராத்தா, இன்டர்வியூவில நீங்க சொன்னத நான் மாத்திச் சொல்லிப்போட்டன்."

"தெரியும்," என்றார். "என்ட மாப்பிள்ளைக்கிட்ட, அதான் புள்ளைகள்ட வாப்பாக்கிட்ட, கருவாடு வாங்கச் சிங்கள யாவாரிமார் வருவாங்க. அவங்கட கதையக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் வெளங்கும். அழுறதுக்கு அண்டனவா எண்டுவாங்க. அந்தச் சொல் உங்கட வாயில வரயில்ல."

எனக்கு நடை நின்றுவிட்டது. "பிறகு ஏன் பேசாம இருந்தீங்க?"

"நான் வாயத் தொறந்தா உங்கட வேலையெல்லோ போயிருக்கும். எனக்கும் வேலை வேணும் தங்கச்சி, மூணு புள்ளைகள்." "அண்டைக்கு அஸர் தொழுதுபோட்டு, உங்கட பொய்ய மன்னிக்கச் சொல்லி அல்லாஹ்க்கிட்ட அழுதன். நான் பேசாம இருந்ததுக்கும் சேத்துத்தான்."