டிரெய்லருக்கு அடியில்

லாரி ஓட்டுகிறவரின் முகம் தெருவுக்கே தெரியும். லாரிக்குப் பின்னால் இழுபடுகிற டிரெய்லருக்கு அடியில் படுத்துக் கிடப்பவனை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலை வைத்துத்தான் தெரியும். இரும்போடு மாரடிக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, எங்கள் முதலாளி எட்டுச் சக்கர டிரெய்லர் ஒன்றை எடுத்து ராயபுரம் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களைத் திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலைகளுக்குக் கொண்டுபோவது தொழில். லாரி ஓட்டுவது காதர் பாய். டிரெய்லரை ஓடும்படி வைத்திருப்பது நான்.

தட்டிப் பார்த்தல்

தினமும் காலையில் ஒவ்வொரு சக்கர நட்டையும் சுத்தியலால் தட்டுவேன். இறுகியிருந்தால் மணிபோல ஒலிக்கும். தளர்ந்திருந்தால் மொத்தென்று கேட்கும். அரைமணி நேர வேலைதான். அதற்குள் முதலாளி மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அப்படித் தட்டியபோது, நட்டோடு சேர்ந்து போல்ட்டின் முனையும் கையோடு வந்துவிட்டது. உள்ளே எப்போதோ விரிசல் விட்டுத் துருவேறியிருந்தது. வேறு போல்ட் தேடி மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஓடும்போது சக்கரம் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலாளிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்லா இருந்த போல்ட்டு. நீ தெனம் தட்டித் தட்டித்தான்யா அது வுட்டுகிச்சு."

உப்புத் தண்ணீர்

காசிமேட்டில் எல்லப்பன் என்பவரின் படகு அடிபட்டுக் கரையோரம் அலையில் கிடந்தது. அதைத் தூக்கிப் போக எங்கள் டிரெய்லரைக் கேட்டார்கள். நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன். காதர் பாய் நல்ல மனசோடு டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி, அலைக்குள்ளேயே இறக்கிவிட்டார்.

அப்புறம் எட்டுச் சக்கரத்தையும் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் அலசி, புதுக் கிரீஸ் அடைக்க எனக்கு இரண்டு நாள். முதுகு நிமிரவில்லை. நன்றி சொல்ல வந்த எல்லப்பனிடம், உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று புலம்பித் தீர்த்தேன். அவர் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஒரு நாள் உப்புத்தண்ணி பட்டதுக்கே இந்தப் பாடா? நாங்க பொறந்ததுலேர்ந்து அதுலதான் கீறோம், எங்களுக்கு யாரு கிரீசு வெக்கிறா?"

விரிசல்

லாரியையும் டிரெய்லரையும் கோக்கிற கொக்கிப் பின் என்ற இரும்பு முளை மேல் எனக்கு ஒரு சந்தேகம். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவி வைத்தேன். சிறிது நேரத்தில் வெள்ளையின் மேல் ஒரு தலைமுடி அளவுக்கு ஈரக்கோடு தெரிந்தது. விரிசல்தான். முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புதுப் பின் அடுத்த வாரம் வரும், ஆலைக்குப் போக வேண்டிய பாய்லர் இன்றைக்கே துறைமுகத்தை விட்டு வந்தாக வேண்டும் என்றார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான் போனாலும் வண்டி போகும் என்று தெரிந்ததால் நின்றுவிட்டேன்.

கிடைத்த சங்கிலியை இரட்டையாக மடித்து லாரிக்கும் டிரெய்லருக்கும் குறுக்கே கட்டினேன். காதர் பாயிடம் ஆமை மாதிரிப் போகச் சொல்லிவிட்டு, டிரெய்லரின் கைப்பிரேக் பக்கத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன்.

டோல்கேட் முனையில் பின் முறிந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். இடது ஓரத்தில் கூடைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள். டிரெய்லர் அந்தப் பக்கம் சாயப் பார்த்தது. சங்கிலி இழுத்துப் பிடித்தது. கைப்பிரேக்கைச் சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன். லாரியின் பின்பக்கத்தில் ஒரு முட்டு முட்டிவிட்டு டிரெய்லர் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் பிடியிலிருந்து என் விரல்களைத்தான் பிரிக்க முடியவில்லை.

காதர் பாய் இறங்கி வந்து பாய்லரை அண்ணாந்து பார்த்தார். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "எனுக்கு நாலு பொண்ணு, நைனா. அது என் மேல வந்துருந்தா, வூட்ல போயி யாரு சொல்லுவா?"

மறுநாள்

அடுத்த வாரம் வரும் என்ற புதுப் பின், ஒன்றுக்கு இரண்டாக வந்தது. முறிந்த துண்டை முதலாளி கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாரோ என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். துண்டை என்னிடம் நீட்டினார். "ஒடஞ்சும் ஒண்ணும் ஆவல பாத்தியா? நீதான் வீணா பயந்துகினு இருந்தே."

அந்த டிரெய்லரின் ஆயுளைப் பல வருஷம் கூட்டியவன் நான், எதிலிருந்து எடுத்துக் கூட்டினேன் என்பதை என் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.